காலில் அடிபட்டால் கல்லூரி என்ன செய்யும்?



பிளஸ் டூ எழுதிய பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது கல்லூரிப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. திருத்தணியில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் எங்கள் வீட்டுப் பேச்சில் ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. எங்கள் மகள் ஓடுகிறாள். 400 மீட்டர் அவளுடைய ஓட்டம். 62 விநாடியில் முடிக்கிறாள். மண்டல அளவில் பதக்கமும் மாநிலப் போட்டியில் கலந்துகொண்ட சான்றிதழும் வைத்திருக்கிறாள். ஆகவே எந்தப் பாடம், எந்தக் கல்லூரி என்னும் இரண்டு கேள்விகளோடு, எந்த மைதானம் என்னும் மூன்றாவது கேள்வியும் எங்கள் முன் நிற்கிறது. நம் சமுதாயத்தில் இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கும் குடும்பங்கள் பெருகி வருகின்றன, அல்ஹம்துலில்லாஹ். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

இந்தக் கேள்வியை நாங்கள் முதன்முறையாகச் சந்திக்கவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் மூத்தவரின் மகன் கபடியில் பெயர் எடுத்தான். ஒரு கல்லூரியிலிருந்து ஆள் வந்தது. பெயர் வேண்டாம், அது போன்ற கல்லூரிகள் பல உண்டு. இடம் இலவசம், விடுதி இலவசம், மூன்று வேளை உணவும் இலவசம் என்றார்கள். குடும்பமே மகிழ்ந்தது. எந்தப் பாடம் என்று நாங்களும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. எந்தத் துறையில் இடம் காலியாக இருந்ததோ அந்தத் துறையில் சேர்த்துக்கொண்டார்கள். முதலாண்டு முழுவதும் பயிற்சியும் போட்டியும் பயணமும். இரண்டாம் ஆண்டில் ஒரு பிடியில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சைச் செலவு வீட்டின் மேல் விழுந்தது. மூன்றாம் ஆண்டு தொடங்கியபோது கட்டணச் சீட்டு வந்தது. இலவசம் என்று சொன்னீர்களே என்று கேட்டதற்கு, விளையாடும் வரையில்தான் என்று விடை வந்தது. எழுத்தில் எதுவும் இல்லை. கேட்டு வாங்காதது எங்கள் பிழை. நிலுவைப் பாடங்கள் ஏழோடு திரும்பி வந்தவன் இப்போது பேருந்து நிலையத்தருகே கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். ஹலாலான தொழில், குறையொன்றும் இல்லை. "அவங்களுக்கு என் கால்தான் வேணும்னு இருந்துச்சு சித்தப்பா, எனக்கு அது புரியலை" என்று ஒருமுறை சொன்னான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் சிறிய கலைக் கல்லூரிகள் பல உள்ளன. வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் போன்றவை. மருத்துவம், பொறியியல் என்று ஒரு தொழிலை மட்டும் கற்பிக்காமல் இலக்கியம், வரலாறு, அறிவியல், கணிதம் ஆகியவற்றைச் சேர்த்துக் கற்பிக்கும் கல்லூரிகள் அவை. அங்கே கல்லூரி விளையாட்டு மூன்று பிரிவுகளாக நடக்கிறது. இத்தகைய சிறு கல்லூரிகளிற் பெரும்பாலானவை மூன்றாம் பிரிவைச் சேர்ந்தவை. அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகை தரவே கூடாது என்பது விதி. விளையாடும் பிள்ளையைப் பயிற்றுநர் விரும்பி அழைக்கலாம். ஆனால் பணம் பந்தின் மேல் கட்டப்படுவதில்லை. அங்குள்ள பெற்றோர் இடையே வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு கேள்வி உண்டு: முதல் வாரத்திலேயே பிள்ளைக்குக் கால் உடைந்து, இனி விளையாடவே முடியாது என்றாகிவிட்டால், அப்போதும் அந்தக் கல்லூரியில் இருக்க அவன் விரும்புவானா? விரும்புவான் என்றால் சேர்க்கலாம்; தயங்கினால் வேறிடம் பார்க்க வேண்டும். இந்தக் கேள்வியை எட்டு ஆண்டுகளுக்கு முன் யாராவது எங்களிடம் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

நம் நாட்டு முறை வேறு. அதைப் பல பெற்றோர் அறியாததால் சற்று விரிவாகச் சொல்கிறோம். இங்கே கல்லூரி தனித்து நிற்பதில்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. பிள்ளை முதலில் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் ஓடுகிறாள். அதில் தேறினால் பல்கலைக்கழக அணியில் இடம். பிறகு தென்மண்டலம், அகில இந்தியா என்று பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகள். 2020 முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளும் சேர்ந்திருக்கின்றன. இதிலிருந்து ஒரு செய்தி விளங்கும். குழு விளையாட்டு ஆடும் பிள்ளைக்குக் கல்லூரியில் நல்ல அணி இருந்தாக வேண்டும். கைப்பந்தாட்டம் ஆடும் பெண்ணை அணியே இல்லாத கல்லூரியில் சேர்த்தால் அவள் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். தடகளம் அப்படியன்று. கடிகாரத்துக்குக் கல்லூரியின் பெயர் தெரியாது. சிறிய கல்லூரியிலிருந்து வந்த பிள்ளையும் நேரத்தைக் குறைத்து ஓடினால் பல்கலைக்கழக அணிக்குள் நுழைய முடியும்.

எங்கள் ஊரிலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அருள்மிகு ஸ்ரீ சுப்பிரமணிய சுவாமி பெயரால் அமைந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. கட்டணம் மிகக் குறைவு. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. அந்தச் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடந்துவிடும். இணையத்தில் விண்ணப்பிக்கும்போது அந்தக் கட்டத்தைக் குறிக்கத் தவறினால் பிறகு அழுது பயனில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் இருக்கிறது. அது 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. எங்கள் ஊரில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணனின் பிறந்த நாள் அது என்பதில் எங்களுக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

அவரைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அவர் வேலூர் ஊரிஸ் கல்லூரியில் சேர்ந்து, பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு மாறினார். தத்துவம் படித்தது ஏன் தெரியுமா? உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் விலையின்றிக் கிடைத்தன. அவ்வளவுதான். அந்தத் தற்செயல் அவருக்கு நல்லதாக முடிந்தது. காலியிடம் இருந்த துறையில் சேர்க்கப்பட்ட எங்கள் பிள்ளைக்கு அப்படி முடியவில்லை. பதினேழு வயதுப் பிள்ளையின் பாடத்தைத் தற்செயலின் கையில் விட்டுவிடுவது பெற்றோருக்கு அழகன்று.

அடுத்தது சென்னை. திருத்தணியிலிருந்து ஏறத்தாழ 84 கிலோமீட்டர். மின்சார ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அந்த ரயில் போய் நிற்கும் சென்ட்ரலுக்குப் பின்னால், நடந்து போகும் தொலைவில், பெரியமேட்டில் நேரு விளையாட்டரங்கம் இருக்கிறது. செயற்கைத் தளம் போட்ட ஓடுபாதை அங்கே உண்டு. எங்கள் மகள் இதுவரை ஓடியதெல்லாம் மண்ணிலும் தார்ச்சாலையிலும்தான். ஆடிக்கிருத்திகை நாட்களில் ஊர் முழுவதும் காவடிகளும் பக்தர்களும் நிறைந்துவிடுவார்கள். அந்த வாரம் அவளுக்குத் தானாகவே ஓய்வு. செயற்கைத் தளத்தில் ஒருமுறை ஓடிவிட்டு வந்தவள் இரண்டு நாள் அதையே பேசினாள்.

ஆனால் நாள்தோறும் ரயிலில் போய் வருவது என்பது படிக்கிற பிள்ளைக்கே கடினம். ஓடுகிற பிள்ளைக்கு ஆகாத காரியம். நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் பெட்டியில் நின்றுவிட்டு வந்து எப்போது பயிற்சி செய்வது, எப்போது உறங்குவது? உடலுக்கும் நம் மேல் உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். ஆகவே சென்னை என்றால் விடுதி. விடுதி என்றால் நம் வீடுகளில் உடனே ஒரு மௌனம் வந்துவிடுகிறது. சென்னையில் நம் முன்னோர் எழுப்பிய நிறுவனங்கள் இருக்கின்றன. ஆண்பிள்ளைகளுக்கு இராயப்பேட்டையில் 1951இல் தொடங்கிய புதுக்கல்லூரி, வளாகத்திலேயே பள்ளிவாசலோடு இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள் உருவாக்கிய மகளிர் கல்லூரி 1955 முதல் இருக்கிறது. காயிதே மில்லத் பெயரில் அரசு மகளிர் கல்லூரி அண்ணா சாலையில் இருக்கிறது. மேற்கே சோளிங்கர், வாலாஜா வழியாகப் போனால் மேல்விஷாரத்தில் 1965 முதல் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி. அதே ஊரில் மகளிர்க்கெனத் தனிக் கல்லூரியும் உண்டு. அவை திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. அங்கே சேர்ந்தால் வேறு பல்கலைக்கழக அணி, வேறு போட்டியாளர்கள். இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

நம் நிறுவனங்களைப் பற்றி மனம் திறந்து ஒரு சொல். தொழுகைக்கு இடமும் ஜுமுஆவுக்கு இடைவேளையும் இருக்கும் கல்லூரி என்பது பெரும் நிஃமத். ஆனால் அது மட்டுமே போதும் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பதும் சரியன்று. நம் சமுதாயக் கல்லூரியாயினும் மற்றவர் கல்லூரியாயினும் பெண்பிள்ளைகளுக்கு மைதானத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்கப்படுகிறது, பெண் பயிற்றுநர் இருக்கிறாரா, வெளியூர்ப் போட்டிக்கு யார் துணையாக வருகிறார் என்று கேட்டே ஆக வேண்டும். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

எல்லையில் இருக்கிறோம் என்பதால் இன்னொரு வழியும் எங்கள் பேச்சில் வந்தது. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் நகரி, புத்தூர், திருப்பதிப் பக்கம் எங்களில் பலருக்கு உறவும் வணிகமும் உண்டு. அந்தப் பக்கக் கல்லூரி ஒன்றிலிருந்து அழைப்பும் வந்தது. ஆனால் தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. நாளை அதற்குக் கை நீட்டப்போகும் பிள்ளை எந்த மாநிலத்தின் பெயரால் ஓடினாள் என்பது முக்கியமான கேள்வியாகும். அதை நினைத்து அந்த அழைப்பை நன்றியோடு விட்டுவிட்டோம்.

இனி, பெண்பிள்ளை ஓடலாமா என்னும் பேச்சு. இது எங்கள் வீட்டிலேயே எழுந்தது. பாட்டியார் கேட்டார், மஹல்லாவின் பெரியவர் ஒருவரும் அன்போடுதான் கேட்டார். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதும், முதன்முறை ஆயிஷா (ரலி) முந்தியதும், பின்னொரு பயணத்தில் நபியவர்கள் முந்தியதும் அபூதாவூதில் பதிவாகியிருப்பதை நாங்கள் எடுத்துச் சொன்னோம். அந்தச் செய்தியைச் சொல்லும்போது, மக்களை முன்னே போகச் சொல்லிவிட்டு ஓடினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. பெரியவருடைய கவலை அதுதான். அந்தக் கவலைக்கு மதிப்பு உண்டு. எனவே ஓடக் கூடாது என்பது எங்கள் முடிவன்று. எந்த உடையில், எந்த ஏற்பாட்டில் என்று பார்ப்பதே எங்கள் முடிவு. உலகமும் சற்று மாறியிருக்கிறது. கால்பந்துக் கூட்டமைப்பு 2014இலும் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2017இலும் தலையை மறைத்து ஆட அனுமதி அளித்துவிட்டன. இப்திஹாஜ் முஹம்மது என்னும் அமெரிக்கச் சகோதரி வாள்வீச்சைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த உடை உடலை முழுதும் மறைப்பது ஒரு காரணம். அவர் டியூக் பல்கலைக்கழகத்தில் பட்டமும் பெற்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாபோடு நின்று வெண்கலமும் பெற்றார். நாங்கள் போய்ப் பார்த்த ஒரு கல்லூரியில் முழுக்கால், முழுக்கை உடை என்றதும் பயிற்றுநர் முகம் சுளித்தார். இன்னொரு கல்லூரியில், அதனால் நேரம் அரை விநாடி கூடினால் கூடட்டும், பிள்ளை மன அமைதியோடு ஓடட்டும் என்றார்கள். இரண்டும் முஸ்லிம் நிறுவனங்கள் அல்ல. இரண்டாவது கல்லூரியின் பெயரை எங்கள் பட்டியலில் மேலே ஏற்றினோம்.

ரமலானையும் பாருங்கள். 2026 ஜூனில் சேரும் பிள்ளைக்கு, பிறையைப் பொறுத்து, 2027இல் பிப்ரவரி இரண்டாம் வாரத்திலும், 2028இல் ஜனவரி இறுதியிலும், 2029இல் ஜனவரி நடுவிலும் நோன்பு தொடங்கும். பல்கலைக்கழகப் போட்டிகள் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் நடப்பவை. ஆக மூன்று ஆண்டும் நோன்பும் போட்டிக் காலமும் மோதப்போகின்றன. விடுதியில் சஹருக்கு உணவு கிடைக்குமா, பயிற்சி நேரத்தை இஃப்தாருக்குப் பின் மாற்றித் தருவார்களா என்று சேரும்போதே கேளுங்கள். பயணத்தில் இருப்பவருக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையைப் பற்றி உங்கள் ஆலிமிடம் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்; போட்டி நாள் காலையில் பிள்ளை தனியே குழம்பக் கூடாது. ஹகீம் ஒலாஜுவான் அமெரிக்கக் கூடைப்பந்தில் நோன்போடு ஆடி, ரமலான் விழுந்த 1995 பிப்ரவரியில் அந்த மாதத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். அவர் வளர்ந்த ஆண்மகன், தொழில்முறை ஆட்டக்காரர். நம் பிள்ளைக்கு அதே சுமையை ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் இயலாது என்று சொல்பவர்களுக்கு இந்தச் செய்தி பயன்படும்.

இத்தனையும் பார்த்த பிறகு, மறுபடியும் காலுக்கு வருகிறோம். நிஜாமாபாத்தின் நிகத் ஸரீன் 2017இல் தோள்பட்டைக் காயத்தால் ஏறத்தாழ ஓராண்டு குத்துச்சண்டை மேடைக்கு வெளியே இருந்தார். 2022இல் இஸ்தான்புல்லில் உலக வாகையர் ஆனார். காயம் எல்லாக் கதைகளையும் முடித்துவிடுவதில்லை. ஆனால் அந்த ஓராண்டில் பிள்ளையைத் தாங்குவது யார் என்பதுதான் கேள்வி. குடும்பம் தாங்கும். கல்லூரி? அதைத்தான் எழுதி வாங்க வேண்டும். கட்டணச் சலுகை மூன்று ஆண்டுக்கா, ஆண்டுதோறும் புதுப்பிப்பதா? காயமுற்றால் தொடருமா? சிகிச்சைச் செலவு யாருடையது? போட்டிக்காகத் தவறும் வகுப்புக்கு வருகைப்பதிவு தருவார்களா, உள்மதிப்பீட்டுத் தேர்வை மறுபடி நடத்துவார்களா? 75 விழுக்காடு வருகை இல்லை என்று தேர்வு எழுத விடாமல் போன விளையாட்டுப் பிள்ளைகள் உண்டு. பதக்கத்தை அலுவலகத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்ட கல்லூரியே அப்படிச் செய்ததும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டும்படி நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இந்தக் காரியத்தில் கயிறு என்பது கல்லூரி முத்திரையிட்ட ஒரு கடிதம்.

இஸ்திகாரா தொழுதுவிட்டுக் கனவுக்காகக் காத்திருக்கும் வழக்கம் நம்மில் பலரிடம் இருக்கிறது. இஸ்திகாரா என்பது முயற்சியும் மஷ்வராவும் செய்து, ஒரு பக்கம் மனம் சாய்ந்தபின், அதில் நன்மை இருந்தால் எளிதாக்கித் தருமாறு இறைவனிடம் கேட்பது. கல்லூரி வாசலையே மிதிக்காமல் கனவில் விடை தேடுவது அன்று. மஷ்வராவில் பிள்ளையையும் உட்கார வையுங்கள். எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பேர் அரை மணி நேரம் பேசிய பின்புதான், ஓடப்போகிறவள் கதவோரம் நிற்பதைப் பார்த்தோம்.

அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டோம். கால் போய்விட்டால் எந்தக் கல்லூரியில் இருக்க விரும்புவாய்? யோசித்துச் சொன்னாள்: புவியியல் படிக்கக் கிடைக்கும் இடத்தில். ஓடும் பிள்ளைக்குப் புவியியல் மேல் ஆசை இருக்கிறது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. பட்டியலில் மூன்று கல்லூரிகள் அடிபட்டுப் போயின. இரண்டு மிஞ்சின.

மிஞ்சிய இரண்டில் ஒன்றில் போன வாரம் தேர்வு ஓட்டம் இருந்தது. எங்கள் மூத்தவரின் மகன் கடையைப் பூட்டிவிட்டு, நானும் வருகிறேன் என்று கிளம்பினான். ஃபஜ்ர் தொழுதுவிட்டு முதல் ரயில். அவன் இன்னும் சற்றே தாங்கித்தான் நடக்கிறான். தங்கையின் பையையும் காலணியையும் அவனே சுமந்தான். அவள் ஓடி முடித்ததும் உடற்கல்வி இயக்குநர் எங்களை அழைத்து, பிள்ளை நன்றாக ஓடுகிறாள், இடம் உறுதி, கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றார். நாங்கள் நன்றி சொல்ல வாயெடுத்தோம். அவன் குறுக்கிட்டு, மரியாதையாகவே கேட்டான்: "அவளுக்குக் கால்ல அடிபட்டா என்ன சார் பண்ணுவீங்க?"

அந்த அம்மையாரோ பயிற்றுநரோ பதில் சொல்வதற்கு முன், இயக்குநர் அவன் முழங்காலைப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, முந்தைய ஆண்டு ஒரு மாணவிக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலைப் பெயரை மறைத்துக்கொண்டு காட்டினார். அவன் அதை இரண்டு முறை படித்தான். எங்களுக்கும் இதுபோல ஒன்று வேண்டும் சார் என்றான். வரும் திங்கட்கிழமை முதல்வர் கையொப்பத்தோடு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அரசுக் கல்லூரி விண்ணப்பத்தையும் நாங்கள் கைவிடவில்லை. துஆ செய்யுங்கள்.